பரதா: திமிஷ்கைப் பெற்ற சிற்றாறு

பேராறுகளின் வரிசையில் பரதாவுக்கு இடமில்லை. சிரியாவின் மேற்கெல்லை மலைத்தொடரில், சபதானிச் சமவெளியில் தோன்றி, 80 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக ஓடி, கடலைக் காணாமலே பாலையின் விளிம்பில் முடியும் சிற்றாறு அது. ஆயினும் திமிஷ்க் (டமாஸ்கஸ்) மாநகரம் அதன் கொடையே. வழியில் ஐனுல் ஃபீஜா என்னும் சிற்றூரின் ஊற்று வந்து கலந்த பின்னரே பரதா ஆறென்னும் பெயருக்குத் தகுதி பெறுகிறது.

நகருக்குச் சற்று மேலே, ரப்வா என்னும் இடுக்கில், ஆற்றிலிருந்து கால்வாய்கள் பிரிகின்றன. ஆறு பள்ளத்தில் இறங்க, கால்வாய்களோ மலைச்சரிவில் உயரம் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்கின்றன. ஏற்றமோ இறைப்போ இன்றி மேட்டு நிலத்துக்கும் நீர் எட்டியது இவ்வாறுதான். இவற்றுள் யஸீது கால்வாய் உமையா ஆட்சியாளர் முதலாம் யஸீதின் பெயரைத் தாங்கியது. அவர் செய்த வேறு செயல்களை வரலாறு மன்னிக்கவில்லை. கால்வாயின் பயனை மறுப்பாரும் இல்லை. சிலுவைப்போர்க் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், நாபுலுஸ் பகுதியிலிருந்து அகதிகளாக வந்த ஹன்பலி அறிஞர் குடும்பங்கள் காசியூன் மலைச்சரிவில் குடியேறியது இக்கால்வாயின் கரையில்தான். அவ்வாறு எழுந்த ஸாலிஹிய்யா, மதரஸாக்கள் நிறைந்த ஊராயிற்று. ‘அல்முக்னி’யை இயற்றிய இப்னு குதாமா வளர்ந்ததும் அங்கேதான்.

கலீஃபா வலீத் 706 முதல் 715 வரை கட்டிய உமையாப் பள்ளிவாசலில், கண்ணாடிச் சில்லுகள் பதித்த சுவரோவியம் ஒன்றுண்டு. ஆறும் மரங்களும் மாளிகைகளும் உண்டு. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. இதனைப் பரதா என்பாரும் சுவனம் என்பாரும் உளர். திமிஷ்கு மக்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்த்திருப்பார்களா என்பதே நமது ஐயம்.

நீரூற்றை உடைய ஊர்கள் அதன் விலையையும் கொடுத்தன. சபதானிக்கு அருகிலுள்ள மதாயாவில் 2015-16 குளிர்காலத்தில், முற்றுகையின் நடுவே மக்கள் பசியால் மடிந்தனர். 2016 டிசம்பரில் ஐனுல் ஃபீஜா ஊற்று சேதமுற, திமிஷ்கிலும் சுற்றுப்புறங்களிலும் 55 இலட்சம் பேர் குழாய்நீர் இழந்தனர். ஊற்றின்மீது குண்டு வீசியது அரசின் விமானப் படையே என்று ஐ.நா. விசாரணைக் குழு 2017இல் கூறியது. அப்பகுதியில் போர் ஓய்ந்தபின், 2018இல், ஊற்றைக் காக்கவென்று ஒரு சட்டம் வந்தது. அதனால் ஊரார் பலர் தம் வீட்டையும் நிலத்தையும் இழந்தனர். தலைமுறை தலைமுறையாக நகருக்கு நீர் தந்தவர்கள் இவர்கள்!

கீழ்க்கோடியில் ஆறு சென்று சேர்ந்த உதைபா ஏரி, போருக்கு முன்பே வறண்டுவிட்டது. கூத்தாத் தோட்டங்களையும் பெருகிய நகரையும் கடந்து அங்கே சென்று சேர நீர் மிஞ்சவில்லை.