கட்டுநாயக்காவிலிருந்து மொரிசியஸ் எத்துணைத் தூரம்?

இந்து சமுத்திரத்திலே தமிழர் தோட்டத் தொழிலின் பொருட்டுக் குடியேறிய தீவுகளுள் நமது இலங்கை ஒன்று, மொரிசியஸ் மற்றொன்று. நம்மவர் தேயிலை கொய்தனர். அவர்கள் கரும்பு வெட்டினர். இவ்விரு நாடுகளின் நாணயத் தாள்களிலும் இன்றும் தமிழெழுத்து உண்டு. அங்கே தைப்பூசம் அரசாங்க விடுமுறை நாள். இவ்வளவு உறவுடைய தீவு எத்துணைத் தூரத்திலுள்ளது என வினவின், நம் மாணவருட் பலர் விழிப்பர். ஆதலின் கணக்கிட்டே பார்ப்போம்.

பூமி உருண்டையாதலால் தேசப்படத்தின்மேல் அடிமட்டம் வைத்தளப்பது பிழை. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்தும், மொரிசியசின் பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்தும் பூமியின் மையத்துக்குக் கோடுகள் வரைந்தால், அவற்றுக்கிடைப்பட்ட கோணம் 35 பாகைக்குச் சற்றே மேற்படும். ஒரு பாகைக்கு நிலப்பரப்பில் 111 கிலோமீற்றர். எனவே தூரம் ஏறத்தாழ 3,900 கிலோமீற்றர். அவ்வழி மாலைதீவின் தென்கோடியை அணுகிப் பூமத்தியரேகையைக் கடந்து செல்லும்.

மணிக்கு 850 கிலோமீற்றர் வேகமுடைய விமானம் இடையில் இறங்காது பறப்பின், ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து 5 மணித்தியாலம் போதும். துபாய் சென்று விமானம் மாறுவதாயின் தூரம் 8,300 கிலோமீற்றருக்கு மேலாகும். காத்திருக்கும் நேரம் வேறு.

கடிகாரம் இங்கே ஒரு வேடிக்கை செய்யும். மொரிசியஸ் நமக்கு மேற்கே 22 பாகையில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடமாக, சூரியன் அங்கே சுமார் ஒன்றரை மணி பிந்தியே உதிக்கும். அந்நாட்டு நேரமும் அவ்வாறே. காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் அங்குள்ள கடிகாரப்படி பகல் 1.30க்கு இறங்குவார். திரும்பும்போது அதே பறப்பு ஆறரை மணி போலத் தோன்றும்!

இனி நம் மலைக்கு வருவோம். நுவரெலியாவுக்கும் கட்டுநாயக்காவுக்கும் நேர்கோட்டுத் தூரம் 100 கிலோமீற்றரளவே. ஆனால் நானுஓயாவிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் புகையிரதப் பாதை 207 கிலோமீற்றர். 1,600 மீற்றர் உயரத்தினின்று வளைந்து வளைந்து இறங்கவேண்டியிருப்பதால், பாதை சீராயுள்ள நாளிலும் ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாது. கோட்டையிலிருந்து விமான நிலையம் இன்னும் 30 கிலோமீற்றர். இவையனைத்துக்கும் முன்னர், லயத்திலிருந்து பெருந்தெருவுக்குப் பெட்டியைத் தலையில் வைத்து இறங்கும் நடையொன்று உண்டு. அதனை எந்தக் கால அட்டவணையும் சொல்வதில்லை. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த நம் முன்னோர் அத்தகைய நடையை நன்கறிவர். நோயாளியைச் சுமந்திறங்குவோர் இன்றும் அறிவர்.

ஆக, சமுத்திரத்தைக் கடப்பதைவிட மலையிறங்குவதற்கே நமக்கு அதிக நேரமாகிறது. மழைக்காலமாயின் மண்சரிவும் சேர்ந்துகொள்ளும். அக்காலத்திற் பயணம் போவோர் முதல் நாளே நீர்கொழும்புக்கு இறங்கித் தங்குதல் நன்று.