ஒரே அளவு, ரெண்டு பெட்டி: எல்க் வேட்டைக்கு எந்தக் குண்டு?

டென்வர்ல வேலை பார்க்குற என் காலேஜ் நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினான். கடை ஷெல்ஃப்ல ரெண்டு தோட்டாப் பெட்டி. ரெண்டுலயும் .308 வின்செஸ்டர்னு போட்டிருக்கு. ஒண்ணுல ஈயக் குண்டு, இன்னொண்ணுல முழுக்கச் செம்பு. செம்போட விலை அதிகம். அவனோட டீம் லீட் எல்க் வேட்டைக்குப் போறாராம், இவன் துணைக்கு. "நீதான் எல்லாத்தையும் நோண்டுவியே, இது ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"னு கேட்டான்.

நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கொலராடோவுல லைசன்ஸ் வாங்கி, அதுக்கான சீசன்ல, சொன்ன எண்ணிக்கைக்குள்ள வேட்டையாடுறது சட்டபூர்வம். பல வீடுகள்ல அந்த இறைச்சிதான் மாசக்கணக்கா ஃப்ரீசர்ல இருக்கும். அதனால வேட்டை சரியா தப்பான்னு இன்னைக்குப் பேசப் போறதில்லை. சுடுறதுன்னு முடிவான பிறகு எதை வெச்சு சுடணும்ங்கிறது மட்டும்தான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். தோட்டாங்கிறது முழு செட். பித்தளைக் கூடு, உள்ள வெடிமருந்து, நுனியில குண்டு. பறந்து போறது குண்டு மட்டும்தான். அந்த .308ங்கிற எண் குண்டோட விட்டம், அங்குலத்துல. எடையை கிரெய்ன்ங்கிற அளவுல சொல்வாங்க. 150 கிரெய்ன்னா சுமார் 9.7 கிராம். அது நொடிக்கு 860 மீட்டர் வேகத்துல கிளம்புதுன்னு வெச்சுக்கோங்க. பிளஸ் டூ ஃபிசிக்ஸ்ல படிச்ச அதே அரை எம்வி ஸ்கொயர் போட்டா, சுமார் 3,600 ஜூல். எடையை ரெட்டிப்பாக்கினா ஆற்றலும் ரெட்டிப்பு. வேகத்தை ரெட்டிப்பாக்கினா நாலு மடங்கு.

எல்க்குக்குக் கொலராடோ சட்டம் கேட்கிற குறைந்தபட்ச ஆற்றல், 100 கஜம் தாண்டி 1,000 ஃபுட் பவுண்ட். அதாவது சுமார் 1,350 ஜூல். .308 இதை அசால்ட்டா தாண்டிடும். அப்போ பிரச்சனை முடிஞ்சதா? இல்லை. ஆற்றல் எவ்வளவுங்கிறதைவிட, அது மிருகத்தோட உடம்புக்குள்ள எப்படி இறங்குதுங்கிறதுதான் முக்கியம். அதே சட்டம் இன்னொண்ணும் சொல்லுது: குண்டு உள்ளே போனதும் விரியணும்.

இந்த இடத்துல நம்ம ஊர் சம்பந்தம் ஒண்ணு இருக்கு. கொல்கத்தா ஏர்போர்ட் இருக்கிற டம்டம் பகுதியில, பிரிட்டிஷ்காரங்களோட ஆயுதத் தொழிற்சாலை ஒண்ணு இருந்துச்சு. 1890கள்ல அங்க செஞ்ச, உடம்புக்குள்ள விரியுற குண்டுகளுக்குத்தான் 'டம்டம்'னு பேர் வந்துச்சு. 1899ல ஹேக் மாநாட்டுல, போர்ல இந்த மாதிரி குண்டு கூடாதுன்னு பிரகடனம் போட்டாங்க. போர்ல தடை செஞ்சதை வேட்டையில கட்டாயமாக்கியிருக்காங்க. கேட்க விநோதமா இருக்கும், ஆனா காரணம் நேரடியானது. விரியாத குண்டு ஊசி மாதிரி துளைச்சுட்டு வெளிய போயிடும். மிருகம் காயத்தோட ஓடி, எங்கயோ ஒரு புதர்ல மணிக்கணக்கா துடிச்சு சாகும். விரியுற குண்டு நுரையீரலையும் இதயத்தையும் சட்டுனு செயலிழக்க வைக்கும்.

அதுக்காக சும்மா விரிஞ்சாலும் போதாது. மியூல் மான் ஆண் பெரும்பாலும் சுமார் 100 கிலோதான். ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். மானோட மெல்லிசான நெஞ்சுக்கு சரியா இருக்கிற குண்டு, எல்க்கோட தோள் எலும்புல பட்டா, ஆழம் போகாம மேலயே சிதறிடலாம். இதை அனுபவத்துல கத்துக்கிட்டவர் ஜான் நாஸ்லர். 1946ல கனடாவுல மூஸ் வேட்டைக்குப் போனப்ப அவர் குண்டுகள் போதுமான ஆழத்துக்கு இறங்கலை. வீட்டுக்கு வந்து, குண்டுக்கு நடுவுல ஒரு தடுப்புச் சுவர் வெச்சு புது டிசைன் போட்டார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாம தள்ளிக்கிட்டே போகும். பார்ட்டிஷன்ங்கிற பேர்ல அது இன்னைக்கும் விற்பனையில இருக்கு. ப்ரொடக்‌ஷன்ல வந்த பக்கை வீட்டுக்கு வந்து ஃபிக்ஸ் பண்ணியிருக்கார், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் பார்த்தது மிருகம் எப்படி சாகுதுங்கிற கேள்வி. அந்த ரெண்டு பெட்டிக்கும் இருக்கிற நிஜ வித்தியாசம் அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

சாதாரண ஈயக் குண்டுன்னா மெல்லிய செம்பு உறை, உள்ள ஈயம். ஈயம் மென்மையானது, நல்லா விரியும், விலையும் கம்மி. ஆனா விரியும்போது பொடிப்பொடியாவும் உதிரும். இப்படி சுட்ட மான்களை எக்ஸ்ரே எடுத்தப்ப, ஒரே உடம்புல நூத்துக்கணக்கான துணுக்குகள் தெரிஞ்சுது. பலதும் கண்ணுக்கே தெரியாத அளவு. வேட்டைக்காரர் இறைச்சியை எடுத்துக்கிட்டு, குடலையும் மத்த உள்ளுறுப்புகளையும் காட்டுலயே விட்டுட்டுப் போவார். அதைச் சாப்பிட வர்றது கழுகும் பிணந்தின்னிப் பறவைகளும்.

கலிஃபோர்னியா காண்டோர்னு ஒரு பறவை. சிறகை விரிச்சா ஒன்பது அடிக்கு மேல. 1982ல உலகத்துலயே 22தான் மிச்சம். 1987ல காட்டுல இருந்த கடைசிப் பறவையையும் பிடிச்சு, கூண்டுல இனப்பெருக்கம் பண்ணி, 1992ல இருந்து திரும்ப விட ஆரம்பிச்சாங்க. இப்போ 500க்கு மேல இருக்கு. ஆனா காட்டுல இருக்கிற காண்டோர்களைக் கொல்றதுல இன்னைக்கும் முதலிடம் ஈய விஷத்துக்குத்தான். அதோட வயித்து அமிலம் ரொம்ப வீரியமானது, ஈயத்தைக் கரைச்சு ரத்தத்துல ஏத்திடும். ஒரு ஜோடி ரெண்டு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் பெரும்பாலும் இடும். ஒரு பறவை செத்தா அதை ஈடுகட்ட வருஷக்கணக்காகும்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து நம்ம ஊர் பிணந்தின்னிக் கழுகுகளை அழிச்ச கதை உங்களுக்கு ஞாபகம் வரலாம். அங்கயும் அந்தப் பறவையைக் கொல்லணும்னு யாரும் நினைக்கலை.

மனுஷங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. 2008ல வட டகோட்டாவுல, வேட்டைக்காரங்க உணவு வங்கிகளுக்கு தானமா கொடுத்த மான் இறைச்சியில ஈயத் துணுக்கு இருந்தது தெரியவந்து, அதைக் கொடுக்க வேண்டாம்னு சொல்ல வேண்டியதாயிடுச்சு. வேட்டைக்காரர் வீட்டுக் குழந்தை சாப்பிடுறதும் அதே மாதிரி இறைச்சியைத்தான்.

சரி, எல்லாரும் செம்புக்கு மாறிடலாமே? முழுச் செம்புக் குண்டு பூ மாதிரி நாலஞ்சு இதழா விரியும், கிட்டத்தட்ட முழு எடையோட உள்ள போகும். எல்க்குக்குத் தேவையான ஆழம் அதுல கிடைக்கும். ஆனா டிரேட் ஆஃப் இருக்கு. ஈயத்தோட அடர்த்தி 11.3, செம்புக்கு 8.96. அதே எடைக்கு செம்புக் குண்டு நீளமா இருக்கும். நீளமான குண்டு பறக்கும்போது தள்ளாடாம இருக்க, துப்பாக்கிக் குழல் அதை இன்னும் வேகமா சுழற்றணும். அதனால பலரும் ஒரு படி எடை கம்மியா எடுப்பாங்க, 180க்குப் பதிலா 165 இல்ல 150. செம்பு கடினம்ங்கிறதால, வேகம் ரொம்பக் குறைஞ்சுட்டா சரியா விரியாது. ரொம்பத் தூரத்துல இருந்து சுட்டா இது நிஜப் பிரச்சனை. விலையும் அதிகம். எல்லாக் கடையிலும் எல்லா அளவும் கிடைக்காது.

இதை ரெண்டு மாநிலம் ரெண்டு விதமா கையாண்டாங்க. கலிஃபோர்னியா 2013ல சட்டம் போட்டு, 2019 ஜூலை 1ல இருந்து எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடை பண்ணிடுச்சு. அரிசோனா தடை போடலை. காண்டோர் இருக்கிற பகுதியில வேட்டையாடுறவங்களுக்கு 2005ல இருந்து ஈயமில்லாத தோட்டாவை இலவசமாவே கொடுத்தாங்க. பெரும்பாலானவங்க தானாவே மாறினாங்க. காரணத்தைச் சொல்லி வழியையும் காட்டினா மனுஷங்க கேட்பாங்கங்கிறது எனக்கு இதுல பிடிச்ச விஷயம். ஆனா மாறாத ஒருத்தர் விட்டுட்டுப் போற ஒரு குடல் குவியலே பல பறவைகளுக்குப் போதும். அதனால தடை வேணும்னு சொல்றவங்க பக்கமும் நியாயம் இருக்கு.

நண்பனுக்கு நான் அனுப்பின பதில் இதுதான்: "கொலராடோவுல ரெண்டுமே சட்டப்படி சரி. எல்க்குக்கு நான் செம்பு எடுப்பேன். ஆனா அதைவிட முக்கியம், எதை வாங்குறாரோ அதே பெட்டியை முன்னாடியே ரேஞ்சுக்குக் கொண்டுபோய் சுட்டுப் பார்க்கச் சொல்லு. குண்டு மாறினா அது படுற இடமும் மாறும். தன்னால துல்லியமா சுட முடியுற தூரத்தைத் தாண்டி சுடவே கூடாது. ஈயம்தான் எடுக்கிறார்னா, உள்ளுறுப்பைப் புதைக்கச் சொல்லு, இல்ல கூடவே எடுத்துட்டு வரச் சொல்லு. காயம் பட்ட இடத்தைச் சுத்தி கறியைத் தாராளமா வெட்டி எறியணும்."

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. "செம்பு வாங்கிட்டார்டா. பறவைக்காக இல்லையாம், பொண்ணு அந்தக் கறியைச் சாப்பிடுவாளாம்."

எந்தக் காரணமா இருந்தா என்ன, காட்டுல மிச்சம் கிடக்கிற குடல்ல ஈயம் இருக்காது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.