மறந்த எண்ணும் பூட்டிய போனும்

வெளியூர்ப் பயணத்துக்குப் புறப்படுமுன் உங்கள் ஸ்மார்ட்போனின் பூட்டு எண்ணை மாற்றுகிறீர்கள். வழியெல்லாம் விரல் ரேகையாலேயே திறந்து வந்ததால் புதிய எண்ணை அழுத்த வேண்டிய அவசியமே நேரவில்லை. வீடு வந்து சேர்ந்த இரவு மின்சாரம் தீர்ந்து போன் அணைந்துபோகிறது. மறுபடி உயிர் பெற்றதும் அது விரலை ஏற்க மறுத்து எண்ணைக் கேட்கிறது. உங்களுக்கோ எண் நினைவில் இல்லை! உள்ளே மறைந்த தந்தையின் குரல் இருக்கிறது. குழந்தையின் முதல் நடை இருக்கிறது.

"கடைத்தெருவில் கொடுங்கள், உடனே திறந்து கொடுத்துவிடுவார்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் தைரியம் சொல்வார். அவர் சொல்வது பாதி உண்மை. போன் திறந்து உங்கள் கைக்கு வரும். ஆனால் தந்தையின் குரல் வராது. ஏன் என்று பார்ப்போம்.

பீரோவின் சாவி தொலைந்தால் பூட்டை உடைக்கிறோம். உள்ளே இருக்கும் பட்டுப்புடவைக்கு ஒன்றும் ஆவதில்லை. பூட்டு வேறு, புடவை வேறு. போனில் அப்படியல்ல. அங்கே புடவையையே நூல் நூலாகப் பிரித்துக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படமும் சேமிக்கப்படும்போதே சங்கேத வடிவுக்கு மாறிவிடுகிறது. அதை மீண்டும் படமாக்க ஒரு நீண்ட எண், அதாவது ஒரு திறவுகோல், வேண்டும்.

அந்தத் திறவுகோல் எங்கே இருக்கிறது? உடனே எடுத்துப் பயன்படுத்தும் வடிவில் எங்குமே இல்லை என்பதுதான் வியப்பு! ஐபோனை எடுத்துக்கொள்வோம். அதன் சில்லுக்குள் தயாரிக்கும்போதே ஒரு தனி எண் பதிந்துவிடுகிறது. தயாரிப்பாளரும் அதைப் படித்தறிய முடியாது. அந்த எண்ணும் நீங்கள் அழுத்தும் பூட்டு எண்ணும் ஒன்றாகக் கலந்து கணக்கிடப்பட்டால்தான் திறவுகோல் பிறக்கிறது. ஆகவே, நீங்கள் மறந்தது கதவைத் திறக்கும் எண் மட்டுமன்று. திறவுகோலில் ஒரு பாதி.

"4 இலக்க எண்தானே? 0000 முதல் 9999 வரை 10,000 எண்களையும் போட்டுப் பார்த்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒவ்வொரு முயற்சிக்கும் சுமார் 80 மில்லி விநாடி ஆகுமாறு ஐபோனின் கணக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. தடையின்றி முயன்றால் 10,000 எண்களும் 800 விநாடியில், அதாவது கால் மணிக்கும் குறைவான நேரத்தில், தீர்ந்துவிடும். 6 இலக்கமானால் சுமார் 22 மணி நேரம். சிறிய ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த 6 குறியீடுகளானால் ஐந்தரை ஆண்டுக்கு மேல்! இவ்வளவும் தடையில்லாவிட்டால்தான். உண்மையில் சில தவறுகளுக்குப் பிறகு போன் உங்களைக் காக்க வைக்கிறது: முதலில் 1 நிமிடம், பிறகு 5, பிறகு 15, பிறகு 1 மணி நேரம். 10 தவறுகள் ஆனால் கதை முடிந்தது.

இந்தத் தடை ஓர் அரசாங்கத்தையே திணற வைத்திருக்கிறது. 2015 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளிகளில் ஒருவன் பயன்படுத்திய, அவனுடைய அலுவலகத்துக்குச் சொந்தமான ஐபோன் 5சி பூட்டிய நிலையில் எஃப்.பி.ஐ. கையில் சிக்கியது. காக்க வைக்கும் தடையையும், 10 தவறானால் அழித்துவிடும் ஏற்பாட்டையும் நீக்கித் தரும்படி 2016 பிப்ரவரியில் நீதிமன்றம் ஆப்பிள் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. ஒரு போனுக்குச் செய்து தந்தால் எல்லாப் போன்களுக்கும் ஆபத்து என்று நிறுவனம் மறுத்தது. மார்ச் மாத இறுதியில், வெளியார் உதவியால் போனைத் திறந்துவிட்டதாகக் கூறி அரசு வழக்கைக் கைவிட்டது.

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதிதான் நமக்குப் பாடம். ஐபோன் தன் உள்ளடக்கத்தின் நகலைத் தானாகவே இணையக் கிடங்குக்கு அனுப்பும் வசதி உண்டு. அதற்குப் போன் திறந்திருக்க வேண்டியதில்லை. மின் இணைப்பும் பழகிய வைஃபையும் இருந்தால் போதும். அந்தப் போனின் கடைசி நகல் அக்டோபர் 19-ஆம் தேதியோடு நின்றிருந்தது. புதிய நகலை வரவழைக்க முயன்று பார்த்திருக்கலாம். ஆனால் தாக்குதல் நடந்த சில நாட்களுக்குள் கிடங்குக் கணக்கின் கடவுச்சொல்லை அதிகாரிகள் அவசரப்பட்டு மாற்றிவிட்டார்கள். புதிய சொல்லைப் போனுக்குள் பதியாமல் நகல் போகாது. பதியவோ போன் திறக்காது! அந்த முயற்சி பலித்திருக்குமா என்பது வேறு விஷயம். முயலும் வாய்ப்பே அடைபட்டுவிட்டது.

எனவே எண் மறந்துவிட்டால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மனம் போனபடி அழுத்திப் பார்க்க வேண்டாம். போன் இன்னும் அணையாமல் இருந்தால் அணைக்க வேண்டாம். மின் இணைப்பில் வைத்து வீட்டு வைஃபை எட்டும் இடத்தில் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அணைந்து எழுந்த போனுக்கு, நீங்கள் எண் தரும்வரை வைஃபையின் கடவுச்சொல்கூடக் கிடைக்காது. மறுநாள் வேறொரு கணிப்பொறியில் உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கைத் திறந்து, படங்கள் வந்து சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கவலையின்றிப் போனை அழிக்கலாம். இல்லையென்றால் அழிப்பதைத் தள்ளிப்போடுங்கள். எண் ஒருநாள் நினைவுக்கு வரக்கூடும். அழித்தபின் நினைவுக்கு வந்து பயனில்லை. அழிப்பது என்பது திறவுகோலுக்கான சில்லறைத் துண்டுகளையும் ஒழித்துவிடுவதுதான். கடைக்காரர் "திறந்து" தருவதும் பெரும்பாலும் இதைத்தான்.

எண்ணைச் சமீபத்தில் மாற்றியவர்களுக்கு ஒரு நற்செய்தி: 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல், மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழைய எண்ணைக் கொண்டே ஐபோனில் புதிய எண் வைத்துக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு போன்களில் புள்ளிகளை இணைத்துக் கோலம் போடுவோர் உண்டு. 9 புள்ளிகளில் போடக்கூடிய கோலங்கள் 3,89,112. பழைய 4.4 பதிப்பு வரை, கோலம் மறந்தால் கூகுள் கணக்கைக் கொடுத்தே உள்ளே நுழையலாம். 2014-இல் வந்த 5.0 பதிப்போடு அந்த வழி மூடப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் தைரியம் அந்தக் காலத்து நினைவாக இருக்கலாம்.

சிம் அட்டையின் எண்ணை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 3 முறை தவறினால் 8 இலக்க மீட்பு எண்ணைத் தொலைபேசி நிறுவனமே தரும், ஏனென்றால் அவர்களிடம் அது இருக்கிறது.

அழித்த போனும் உடனே உங்களுடையதாகிவிடாது. முன்பு அதில் பதிந்திருந்த கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். திருடனுக்கு வைத்த தடை அது. பூட்டு எண்ணோடு அந்தச் சொல்லையும் ஒரு தாளில் எழுதி, போனோடு சேராமல் பீரோவில் வைத்திருந்தால் இந்த இடத்தில் உதவும்.