கேட் அழகாக இருந்தால் போதுமா? வீட்டு வாசலில் நிற்கும் ஆபத்தும் நாம் செய்ய வேண்டியதும்



லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களில் ஆண்டுதோறும் புதிய வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வளைகுடா நாடுகளில் வெயிலில் உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டப்படும் வீடுகள் அவை. முன்பக்கம் கார் நிறுத்த ஓர் இடம், அதற்குப் பெரிய இரும்பு கேட் அல்லது ஷட்டர் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்டின் டிசைன் வாட்ஸ்அப்பில் துபாய்க்கும் ரியாத்துக்கும் போகிறது. அங்கிருந்து பார்த்து, பெயின்ட் நிறம் முதல் பூ வேலைப்பாடு வரை பேசி முடிவு செய்கிறார்கள். ஆனால், "இந்த கேட் கீழே விழாமல் எது பிடித்துக்கொண்டிருக்கிறது?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். ஏனென்றால், கேட்டுக்குப் பணம் கொடுத்தவர் கடல் கடந்து இருக்கிறார். அதைத் தினமும் திறந்து மூடுவது வீட்டிலுள்ள பெண்களும் பெரியவர்களும் பிள்ளைகளும்தான்.

4 மூட்டை சிமெண்டின் எடை

12 அடி அகலமும் 6 அடி உயரமும் உள்ள ஒரு கேட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் முழுவதும் 1.2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு அடித்தால், தகடு மட்டுமே 60 கிலோவைத் தாண்டும். சுற்றுச் சட்டம், குறுக்குக் குழாய்கள், அலங்கார வேலை எல்லாம் சேர்ந்தால் எளிதாக 200 கிலோவை எட்டிவிடும். அதாவது 4 மூட்டை சிமெண்ட்! அது ஒரு சிறு குழந்தையின் மேல் சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. 2024 ஜூலை 31 அன்று மகாராஷ்டிர மாநிலம் புனே அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரின் போப்கேல் பகுதியில், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த மூன்றரை வயதுச் சிறுமி மீது ஒரு வீட்டின் தள்ளு கேட் சரிந்து விழுந்தது. அந்தக் குழந்தை இறந்துபோனது. கேட்டைத் தள்ளியது இன்னொரு சிறுவன். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்துக் கலங்கியது.

தள்ளு கேட் ஏன் விழுகிறது?

பக்கவாட்டில் தள்ளும் கேட்டின் எடை முழுவதையும் அடியிலுள்ள சக்கரங்கள் தாங்குகின்றன. அவை தரையில் பதித்த டிராக்கில் ஓடுகின்றன. ஆனால், கேட் முன்னாலோ பின்னாலோ சாயாமல் பிடித்திருப்பது மேலே தூணில் பொருத்திய கைடு ரோலர் மட்டும்தான். அது விலகிவிட்டால், சுவரில் சாய்க்காமல் நிமிர்த்தி வைத்த ஏணியின் நிலைதான் கேட்டுக்கும். கேட் விழுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்:

1. டிராக்கின் முடிவில் ஸ்டாப்பர் இருக்காது, அல்லது உடைந்திருக்கும். வேகமாகத் தள்ளும்போது கேட் எல்லையைத் தாண்டி ஓடும். கைடு ரோலரை விட்டு வெளியே வந்து சரியும்.

2. கைடு ரோலரைப் பிடித்திருக்கும் பட்டையின் வெல்டிங் துருப்பிடித்து விட்டுப்போகும், அல்லது போல்ட் கழன்றிருக்கும்.

3. டிராக்கில் கல், மண், ஜல்லி அடைத்துக்கொண்டு சக்கரம் ஏறி வெளியே குதிக்கும்.

முதல் காரணத்துக்குத் தீர்வு என்ன? ஒரு துண்டு இரும்பும் கொஞ்ச நேர வெல்டிங்கும் போதும். திறக்கும் பக்கம், மூடும் பக்கம் இரண்டிலும் உறுதியான ஸ்டாப்பர் இருக்க வேண்டும். கைடு ரோலர் ஒரே இடத்தில் இல்லாமல், இடைவெளி விட்டு இரண்டு இடங்களில் இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். கேட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே பட்டறைக்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

நம் மண்ணையும் கவனிக்க வேண்டும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பல இடங்களில் கரிசல் மண் இருக்கிறது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அது நல்ல மண்; கேட் தூணுக்கு அது சோதனை. மழையில் கரிசல் உப்பும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். ஆழமான அடித்தளம் இல்லாத தூண் இதனால் மெல்லச் சாயும், டிராக்கும் மேடு பள்ளமாகும். போன வருடம் லேசாக ஓடிய கேட் இந்த வருடம் இழுத்துப் பிடிக்கிறது என்றால், எண்ணெய் விடுவதற்கு முன் தூண் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

அரியலூர்ப் பக்கம் சிமெண்ட், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோர வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. தூசி டிராக்கில் படிந்து, ஈரம் பட்டு இறுகிவிடும். அதை வாரம் ஒருமுறை பெருக்கிச் சுரண்டி எடுக்க வேண்டும். வாசல் சரிவாக இருந்தால் கேட் தானாக உருளக்கூடும். அப்படிப்பட்ட கேட்டைத் தாழ்ப்பாள் போடாமல் பாதியில் விடக்கூடாது.

கீல் கேட், ஷட்டர்

இரண்டு கதவாகத் திறக்கும் கீல் கேட்டிலும் கவனம் வேண்டும். பிள்ளைகள் அதில் ஏறி நின்று ஊஞ்சல் ஆடுவார்கள். அந்த எடை முழுவதும் மேல் கீலை இழுக்கும். கீழிருந்து தூக்கினால் கழன்று வரும் வகைக் கீலாக இருந்தால், தூக்க முடியாதபடி மேலே ஒரு தடுப்பை வெல்டிங் செய்யுங்கள். கீல் பக்க இடுக்கில் விரல் நசுங்கும் ஆபத்தும் உண்டு.

ஷட்டரைப் பொறுத்தவரை, அதை நாம் லேசாகத் தூக்க முடிவதற்குக் காரணம் மேலே முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். ஷட்டர் திடீரென்று கனத்தாலோ, விட்டவுடன் வேகமாக இறங்கினாலோ ஸ்பிரிங் பலவீனமாகிவிட்டது என்று பொருள். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். முறுக்கிய ஸ்பிரிங்கை நாமே கழற்ற முயன்றால் கையையும் முகத்தையும் பதம் பார்த்துவிடும். பழகிய தொழிலாளியிடம் விட்டுவிடுங்கள். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து ஓடும் பழக்கத்தையும் பிள்ளைகளிடம் தடுக்க வேண்டும்.

ரிமோட் கேட்: வெளிநாடுகள் கற்ற பாடம்

இப்போது நம் ஊர்களிலும் மோட்டார் கேட் வந்துவிட்டது. மோட்டாருக்குக் கண் கிடையாது. இடையில் இருப்பது காற்றா குழந்தையா என்று, நாம் சொல்லிக்கொடுத்தால்தான் அதற்குத் தெரியும்.

அமெரிக்காவில் கார் ஷெட்டின் தானியங்கிக் கதவுகளில் சிக்கி, 1982க்குப் பிறகான ஆண்டுகளில் சுமார் 60 குழந்தைகள் உயிரிழந்தனர். 1990இல் அங்கே சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்கள், தடை ஏற்பட்டால் தானாகத் திரும்ப வேண்டும். அத்துடன் சென்சார் போன்ற கூடுதல் பாதுகாப்பும் வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு, ஜூன் மாத இறுதிக்கும் ஜூலைத் தொடக்கத்துக்கும் இடையே ஒரே வாரத்தில், மான்செஸ்டரில் ஒரு சிறுமியும் வேல்ஸின் பிரிட்ஜெண்டில் ஒரு சிறுமியும் மின்சார கேட்டில் நசுங்கி இறந்தனர்.

அவர்கள் உயிர் கொடுத்துக் கற்ற பாடம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மோட்டார் வாங்கும்போது சென்சாரை "கூடுதல் செலவு" என்று தள்ளாதீர்கள். சென்சார் தரையிலிருந்து அரையடி உயரத்துக்குள் இருந்தால்தான் தவழும் குழந்தையையும் கண்டுகொள்ளும். மாதம் ஒருமுறை, கேட் மூடும்போது அதன் பாதையில் துடைப்பத்தை நீட்டிப் பாருங்கள். கேட் நிற்கவில்லை, திரும்பவில்லை என்றால், சரிசெய்யும் வரை மோட்டாரை நிறுத்திவிடுங்கள். மின்சாரம் இல்லாதபோது மோட்டாரை விடுவிக்கும் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரிமோட் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் ஆகக்கூடாது.

தூணில் விளக்கோ அழைப்பு மணியோ இருந்தால் மழைக்காலத்தில் கேட்டில் மின்கசிவு வரலாம். ஒயர் கேட்டில் உரசாமல் குழாய்க்குள் போக வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தி, அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

• பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, தள்ளு கேட்டை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தள்ளிப் பாருங்கள். கேட்டின் முகத்துக்கு எதிரே நிற்காமல், அதன் ஓரத்தில் நின்று தள்ளுங்கள்.

• ஸ்டாப்பர், கைடு ரோலர், வெல்டிங், போல்ட் நான்கையும் செல்போனில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். டிசைன் பார்த்த அதே வாட்ஸ்அப்பில் இதையும் பார்க்கட்டும்.

• சக்கரம் டிராக்கை விட்டு இறங்கிவிட்டால் அக்கம்பக்கத்தாரை அழைத்துத் தூக்கி வைக்க முயலாதீர்கள். எல்லோரையும் விலக்கிவிட்டுப் பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள்.

• கேட் சாயத் தொடங்கினால் கையால் தாங்க நினைக்காதீர்கள். 200 கிலோவை யாராலும் தாங்க முடியாது. பக்கவாட்டில் ஓடிவிடுங்கள், பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

• யாராவது சிக்கிக்கொண்டால் 108 ஆம்புலன்சையும் 101 தீயணைப்புத் துறையையும் தாமதமின்றி அழையுங்கள்.

• கேட்டில் சாக்பீஸால் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் விளையாடுவதை அனுமதிக்காதீர்கள்.

பெருநாள், திருமண நாட்களில் பத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே வாசலில் கூடுகிறார்கள். நம் வீட்டு கேட்டின் பழுது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கலாம். விருந்தாக வந்த பிள்ளைக்குத் தெரியாது. போப்கேலில் இறந்த குழந்தையும் தெருவில் நின்ற குழந்தைதான். ஆகவே பழுதான கேட் அந்த வீட்டுக்காரரின் சொந்த விஷயம் என்று பக்கத்து வீட்டார் ஒதுங்கக் கூடாது. கண்ணில் பட்டால் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மதரஸா, பள்ளிவாசல், பள்ளிக்கூடம், திருமண மண்டபம் ஆகியவற்றின் கேட்டுகளை ஒரு நல்ல வெல்டரை அழைத்து இந்த மாதமே பார்வையிடச் செய்யுங்கள். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்கள் தினமும் கடந்து போகும் கதவை ஒருமுறை அசைத்துப் பார்க்க அரைமணி நேரம் போதும்.