'அம்மா வந்தாள்': நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் கதை

சில நாவல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே, "இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாமா?" என்ற கேள்வி எழும். தி. ஜானகிராமன் எழுதி 1966-இல் வெளிவந்த 'அம்மா வந்தாள்' அப்படிப்பட்ட நாவல். வந்த புதிதிலேயே எதிர்ப்பைச் சந்தித்தது. காரணம், நான்கு பிள்ளைகளுக்கு மேல் பெற்ற ஒரு தாய்க்கு வேறொருவரோடு இருக்கும் உறவை அது பேசுகிறது. ஆனால், கதையின் இருட்டு அந்த உறவில் மட்டும் இல்லை என்பதே நம் கலந்துரையாடலின் மையக் கருத்து.

கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அப்பு, சிறு வயதிலேயே காவிரிக் கரையில் உள்ள வேத பாடசாலைக்கு அனுப்பப்படுகிறான். அங்கே வளரும் இந்து, இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். அவள் தன் அன்பைச் சொல்லும்போது அப்பு பதறி விலகுகிறான். அவள் மனம் பொறுக்காமல் அவன் தாயைப் பற்றிய உண்மையைப் போட்டு உடைக்கிறாள். சென்னைக்குப் போன அப்பு, தாய் அலங்காரத்தம்மாளுக்கும் சிவசுவுக்கும் உள்ள தொடர்பை நேரில் உணர்கிறான்.

இனி ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பொய்யைக் கவனியுங்கள். மகன் வேதம் படித்து ரிஷியைப் போல வந்தால் தன் பாவம் கரைந்துவிடும் என்று நம்புகிறாள் அலங்காரம். ஆசையையும் விட முடியவில்லை, குற்ற உணர்வையும் விட முடியவில்லை. இரண்டின் பாரத்தையும் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறாள். கணவர் தண்டபாணி எல்லாம் தெரிந்தும் வாய் திறப்பதில்லை. பிறருக்கு வேதாந்தம் சொல்லும் அவருக்குத் தம் வீட்டு உண்மையைப் பேசத் துணிவில்லை. அது பொறுமையா, பயமா? வாசகர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புவோ தன் மறுப்பை ஒழுக்கம் என்று நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவனும் இந்துவை விரும்புகிறான். தாயைத் தெய்வமாக வைத்திருந்த பிம்பம் உடைந்த பிறகே அது அவனுக்கே புரிகிறது.

இவர்களில் மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்பவள் இந்து ஒருத்திதான். சமூகம் வாயடைத்து வைத்திருந்த ஒரு விதவைப் பெண்ணிடம் அந்தத் துணிவைக் கொடுத்ததில்தான் ஜானகிராமனின் மேதைமை தெரிகிறது.

கடைசியில் அப்பு இந்துவிடமே திரும்புகிறான். அவனைத் தேடி வரும் தாய், அவன் தன் பிள்ளையாகவே ஆகிவிட்டதைக் கண்டு, காசிக்குப் புறப்படுகிறாள். அவன் தலையில் வைத்த பாரத்தை இனி அவளே சுமக்க வேண்டும். ஆசிரியர் எவரையும் தண்டிக்கவில்லை; எவருக்கும் நற்சான்றிதழும் தரவில்லை.

"குடும்பத்தோடு பேசலாமா?" என்ற கேள்விக்கு என் பதில், பேசத்தான் வேண்டும் என்பதே. நாம் சாதிக்க முடியாததை, நாம் சரிசெய்யாத தவற்றை, 'உன் நன்மைக்குத்தான்' என்று சொல்லிப் பிள்ளைகளின் தலையில் வைப்பது அந்த வீட்டில் மட்டுமா நடக்கிறது? இந்த வாரம் நாவலைப் படித்துவிட்டு, உங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.