மலையடிவாரத்துக் காவியுடை

சேர்வராயன் மலையில் கத்தோலிக்கம் என்றதும் காபித் தோட்டத் துரைகளும் 1917இல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியும்தான் நினைவுக்கு வரும். அதனாலேயே அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் ஏற்காட்டில் காபி முளைப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பே, 1623இல், அடிவாரச் சேலத்துக்கு இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி வந்துவிட்டார். காவியுடையில், மரக்கறி உண்பவராக. கண்ணுக்குப் பழகிய வடிவம் இல்லாமல் எந்த நம்பிக்கையும் இந்த மண்ணில் வேர்பிடிக்காது என்பது அவர் கணக்கு. திருவிழாவுக்குக் கொடியேற்றம், தெருவில் சப்பரம், தவக்காலத்தில் பாஸ்கா நாடகம் எல்லாம் அந்தக் கணக்கின் வழியில் வந்தவைதான். அவருக்குப் பின் வந்த பாதிரியார் வீரமாமுனிவர், கோணான்குப்பத்தில் மாதாவுக்குச் சேலையே உடுத்தி, பெரியநாயகி என்றும் பெயரிட்டார்.

இது வெறும் வேஷம், ஆள்பிடிக்கும் தந்திரம் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், நொபிலிமீது அப்படிப் புகார் சொன்னவர்களில் சக பாதிரியார்களும் உண்டு. விவகாரம் ரோம் வரை போய், அதே 1623இல் போப் 15ஆம் கிரகோரி அனுமதித்த பின்பே தணிந்தது. தந்திரமென்றால் ஆள் சேர்ந்ததும் கைவிட்டிருப்பார்கள். மதம் மாற்ற எவருமில்லாத கத்தோலிக்க ஊர்களிலும் இன்றும் தேர் ஓடுகிறது. ஊரார் தமக்காகவே இழுக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு: மண்ணின் வடிவங்களோடு சாதியையும் நொபிலி ஏற்றுக்கொண்டார். அந்தத் தேர் எந்தத் தெரு வரை போகலாம் என்ற சண்டை, சில ஊர்களில் இன்னும் ஓயவில்லை.