சுவடி காக்கும் நன்கொடை

ஒரே படியாய் ஓரிடத்தே கிடக்கும் சுவடிக்கு வாழ்வு உறுதியன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பெற்றபோது, ஏறத்தாழ 97,000 நூல்களுடன் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பராயின.

உலகெங்கும் நேரும் இத்தகைய இழப்பைத் தடுக்கும் நோக்குடன், அழியுந் தறுவாயிலுள்ள ஆவணங்களுக்கான நன்கொடைத் திட்டமொன்றைப் பிரித்தானிய நூலகம் 2004இல் தொடங்கியது. அதற்கு நிதி நல்கியது ஆர்க்கேடியா என்னும் அறநிறுவனம். முற்காலத்தில் ஐரோப்பியர் கீழைநாட்டுச் சுவடிகளை விலைக்குப் பெற்றுத் தம் நாட்டு நூலகங்களிற் சேர்த்தனர். இத்திட்டமோ, மூலம் பிறந்த நாட்டை விட்டு நீங்கலாகாதென விதித்தது. நன்கொடை படியெடுத்தற்கே, மின்படிகளுள் ஒன்று உள்ளூர் நிலையத்திலும் மற்றொன்று பிரித்தானிய நூலகத்திலும் வைக்கப்பெறும்.

ஆயினும் நன்கொடைக்குக் கால எல்லை உண்டு. கறையானுக்கும் ஈரத்துக்கும் அஃது இல்லை. பணி முடிந்தபின் மூல ஏட்டைப் பேணுங் கடன் அதனை உடையாரையே சாரும்.